நனையாத தகடு

மகளே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் வேறு சிலர் இதைப் படித்திருப்பார்கள். ஒட்டாமல் திறந்தபடியேதான் உன் ஆராய்ச்சிக்கூடத்து ஜெஸீமாவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் ஒரு பிரதியை உனக்குத் தருவாள். இன்னொன்றை, உன்னை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்களே, அந்தப் பெரியவர்களிடம் கொடுப்பாள். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். பத்தாம் வகுப்பில் உன் சைக்கிளை எடுத்து ஒளித்துவைத்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவள்தானே நீ, அதையே தாங்கினேன். ஆனால் இந்தப் பத்துப் பதினொரு மாதமாக நீ எதையோ முழுங்கிக்கொண்டு சிரித்துப் பேசுகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வருகிற வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாய். இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை, நல்ல ஆட்கள், வாரத்தில் இரண்டு நாள் லீவு என்று போனில் சொன்னாய். அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வெயிலை நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்கிறவள் நீ என்பதால் கேட்டேன். "உள்ள உக்காந்து பாக்கிற வேலைதாம்ப்பா, வெயில் படாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் ஆதியிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ரீடிங் எடுத்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்று ஒரு குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போனவன் என்ற பேர் எனக்கு இல்லை. உன் அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள், தையலும் உண்டு. எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருள் கிடையாது. மிக்சிக்கு உறை, டிவிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட ஒரு பூப்போட்ட உறை. எலாஸ்டிக் வைத்துத் தைத்து நாலு மூலையிலும் இழுத்து மாட்டிவிடுவாள். என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் சட்டை போட்டாயிற்று என்று நான் கேலி செய்தால், "உங்க வாய்க்கு ஒண்ணு தைக்கத்தான் அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்பாள். நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. படித்து, சோலார் செல் ஆராய்ச்சிக்குப் போனாய்.

நீ என்ன செய்கிறாய் என்று எங்களுக்கு நீ விளக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரம். முன்னறை ஜன்னலைக் காட்டினாய். கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. ஒரு செல்லின் முகத்தில் இதே மாதிரி மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும், உள்ளே உண்டாகிற மின்சாரத்தை வாரிக்கொண்டு வருவதற்கு அவை வேண்டும், ஆனால் அவையே வெயிலை மறைக்கவும் செய்யும் என்றாய். கம்பிகளைச் செல்லின் முதுகுப்பக்கம் கொண்டுபோய்விட்டால் முகம் முழுக்க வெயிலுக்குத்தான். அதைப் பலர் முன்பே செய்துவிட்டார்கள், அதில் எனக்குப் பெருமை இல்லை என்றும் சொன்னாய். அவர்கள் செய்கிற விதத்தில் வேலை அதிகம், படிகள் அதிகம், பெரிய உலை வேண்டும். உன் யோசனை வேறு. வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு. அந்தச் செம்புக் கோடுகளைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி சல்லடைத் துணி வழியாக அச்சடித்துவிடுவது. மேலே ஈரம் இறங்காமல் ஒரு பூச்சு, அதுவும் அச்சிலேயே. பெரிய சூடு வேண்டாம், பத்துப் படியில் செய்வதை நாலில் முடிக்கலாம். "கங்கைகொண்டான் ரோட்ல ஒரு ஷெட்டு போட்டாக்கூட செய்யலாம்ப்பா" என்றபோது உன் கண்ணில் இருந்த வெளிச்சத்துக்கே ஒரு தெரு விளக்கு எரிந்திருக்கும்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். செம்பில் தண்ணீர் பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அதற்கு என்ன செய்வாய் என்றாள். நீ எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாய். அங்கேதான் எல்லாமே நிற்கிறது, செம்புக்கு எதிரி தண்ணீர்தான், அந்தப் பூச்சு தாங்கினால் நான் ஜெயித்தேன், தாங்காவிட்டால் ஒன்றும் இல்லை என்றாய். நீ சொன்னதில் பாதியை நான் சாப்பாட்டோடு மறந்துவிட்டேன். உன் அம்மா மறக்கவில்லை. செம்புக்குத் தண்ணீர் ஆகாது என்பது அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அந்தச் சித்திரையில் நீ ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தாய். கேரம் போர்டு அளவு இருக்கும், அதற்குள் ஆறு செல்கள். நம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தெற்கே பார்த்துச் சாய்த்து நிறுத்தினாய். ஆராய்ச்சிக்கூடத்தில் சூடும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் வைத்துப் பார்த்ததில் தேறிவிட்டது என்றும், இனி நம் ஊர் மாடியில் தேற வேண்டும் என்றும் சொன்னாய். தினமும் மத்தியானம் ஒரு சின்ன மீட்டரை மாட்டி ரீடிங் எடுத்துச் சாயங்காலம் போனில் சொல்ல வேண்டியது என் வேலை. தூசி படிந்தால் துணியால் துடைக்கலாம், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாய். ஓய்வு பெற்ற மனிதனுக்கு மறுபடியும் ஒரு மீட்டர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மத்தியானம் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு ஓடிவந்தவன் நான்.

மழையில் அதை நனையவிட வேண்டும் என்று நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே உனக்குத் தோன்றியிருக்காது. கொதிக்கிற மத்தியானத்தில் திடீரென்று மழை கொட்டினால் பூச்சு ஒரு பக்கம் சுருங்கும், செம்பு ஒரு பக்கம் சுருங்கும், நடுவில் எங்கேயாவது வாய் பிளக்குமோ என்பதுதான் உன் பயமாம். அதைப் பெட்டி காட்டாது, மாடிதான் காட்டும் என்பாயாம். இதெல்லாம் ஜெஸீமா சொல்லி எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வெயிலில் வேலை செய்கிற சாமான் அது, மழையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை என்பதுதான்.

அந்த ஐப்பசியில் முதல் மழை விழுந்த அன்று உன் அம்மா மாடியில் காய்ந்த துணிகளை அள்ளினாள், மோர் மிளகாயை அள்ளினாள், சட்டத்தையும் பார்த்தாள். கையில் கிடைத்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடிவிட்டு வந்தாள். மறுநாளே அந்த விரிப்பை வெட்டி, உள்ளே ஒரு துணியும் கொடுத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, அளவெடுத்த மாதிரி ஓர் உறை தைத்தாள். ஆரஞ்சுப் பழம் போட்ட விரிப்பு அது. எதையும் தொட வேண்டாம் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாளே என்று நான்தான் கேட்டேன். "தொடலியே, மூடத்தான செய்யுதேன்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மழைக்காலம் முழுக்கச் சாயங்காலமே உறையைப் போட்டுவிடுவாள், காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுவாள். பகலில் மலைப்பக்கம் இருட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு ஏறுவாள். உறைக்கு ஒரு ஆணி, மாடிப்படிக் கதவுக்குப் பின்னால். நீ வந்துபோனதெல்லாம் பொங்கலுக்கும் கோடைக்கும். அந்த ஆணியில் தொங்குவது என்ன என்று கேட்க உனக்குக் காரணம் இல்லை. போனில் "இன்னைக்கு மழையாப்பா?" என்று கேட்பாய். நல்ல மழை என்பேன். ரீடிங் சொல்வேன். குறையவே இல்லையே என்று நீ அந்தப் பக்கம் துள்ளுவாய். இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. நான் சொன்ன ரீடிங்கில் ஒன்றுகூடப் பொய் இல்லை, மகளே. அத்தனையும் நனையாத தகட்டின் ரீடிங், அவ்வளவுதான்.

அந்த இரண்டு வருஷம் உன் அம்மா எப்படி இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். கோயிலில் அசன விருந்து நடந்தபோது காய் நறுக்குகிற பெண்களிடமெல்லாம், "எம் பொண்ணு தகட்ட நான்தான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைக்காரர்கள் உன் முறையில் முதல் தகடுகளைச் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார்கள் என்று நீ போன் செய்த அன்று முந்திரிக்கொத்து செய்து தெரு முழுக்கக் கொடுத்தாள். வீட்டு மாடியில் இரண்டு வருஷம் தாங்கியதுதான் அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தது என்று நீ சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் முந்திரிக்கொத்து. தனக்கு அதில் பங்கு உண்டு என்று அவள் நினைத்தாள். பங்கு இருக்கத்தான் செய்தது.

போன கார்த்திகையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். முகம் வற்றிப்போயிருந்தது. தொழிற்சாலைத் தகடுகளில் சின்னக் கோளாறு என்று மட்டும் சொன்னாய். வெட்டவெளியில் நிறுத்திய தகடுகளுக்குள் மழை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தண்ணீர் இறங்கி, கோடுகளெல்லாம் பச்சை பூத்து, ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன என்று சொல்லவில்லை. நம் மாடியில் இரண்டு வருஷம் இருந்தது அங்கே ஒரு மாதம் இருக்கவில்லையே, ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, அந்தச் சட்டத்தை ஒருமுறை நேரில் பார்க்கத்தான் வந்திருக்கிறாய் என்றும் சொல்லவில்லை. வந்ததும் மாடிக்குப் போய் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். எங்கேயும் பச்சை இல்லை. நீ அதைச் சந்தோஷமாகப் பார்க்கவில்லை என்பதை அன்றே கவனித்திருக்க வேண்டும். நான் ரீடிங்கைத்தான் கவனித்தேன்.

மறுநாள் மத்தியானம் பாபநாசம் பக்கம் கருத்தது. உன் அம்மாவுக்கு அப்போதே நெஞ்சு சரியில்லை, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற ஆளா? முதல் தூறல் விழுந்ததும் ஏறிவிட்டாள். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அம்மா எங்கே போகிறாள் என்று எச்சில் கையோடு பின்னால் ஓடினாய். உங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே நானும் ஏறினேன். நான் மேலே வந்தபோது அவள் உறையின் மூன்று மூலையை மாட்டிவிட்டு நாலாவதுக்கு எட்டாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நீ கதவிலேயே நின்றாய். மழை உன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் உன்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"இப்படித்தாம்ட்டி. ஒரு மழைகூட படவிடல நான்."

"எல்லா மழைக்குமாம்மா?"

"எல்லா மழைக்குந்தான், பின்ன? செம்புக்குத் தண்ணி ஆகாதுன்னு நீதானட்டி சொன்ன."

 கையை மழையிலேயே கழுவிக்கொண்டு போய், அந்த நாலாவது மூலையை நீ இழுத்து மாட்டினாய். எலாஸ்டிக் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாய். "நல்லா தச்சிருக்கம்மா" என்றாய். அம்மாவைத் தோளோடு அணைத்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனாய். அன்று சாயங்காலம் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாய். நானும் மழையில் நனைந்ததால் தலைவலி என்றுதான் நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாய். மேலே இருக்கிறவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றாய். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் படித்து, கைக்கு வந்ததை இப்படியா போட்டுவிட்டு வருவாள், இவளுக்குத் தலைக்கனம் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள்தான் உனக்காகப் பேசினாள். மார்கழியில் அவள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது நீ வந்து கூடவே இருந்தாய். நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் நல்ல மழை. வார்டு வராந்தாவின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தம் கேட்டு உன் அம்மா கண் விழித்தாள்.

"ஏட்டி, மாடித் தட்டட்டில தகட்ட மூடியாச்சா?"

"மூடிட்டேன்மா."

"நாலு மூலையும்?"

"நாலு மூலையும் மூடிட்டேன். ஒரு சொட்டு படல."

ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நீ அன்று வீட்டுப்பக்கமே போகவில்லை, காலையிலிருந்து அவள் கட்டில் பக்கத்தில்தான் இருந்தாய். நோயாளிக்காகச் சொன்ன ஒரு சின்னப் பொய் என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் விடிந்ததும் அவள் போய்விட்டாள். அவள் உன்னிடம் கடைசியாகக் கேட்டது அந்த உறையைப் பற்றித்தான். அந்த உறையால் உனக்கு எல்லாம் போயிருந்தது. அதை நினைக்கிறபோது எனக்கு எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை, மகளே.  கோயிலில் பாட்டுப் பாடும்போது பாதியில் நின்றுவிடுகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். உன்னோடு வேலை பார்த்த ஜெஸீமா பெருநாளுக்கு மேலப்பாளையம் வந்தவள், துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தாள். அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாடியில் ரீடிங் எல்லாம் எப்படி எடுத்தீர்கள் மாமா என்று மெதுவாகக் கேட்டாள். நான் சும்மா இருப்பேனா? அவளை மாடிக்கே கூட்டிக்கொண்டு போனேன். மீட்டரைக் காட்டினேன். கதவுக்குப் பின்னால் இருந்த உறையை எடுத்து, உன் அம்மாவின் கைவேலையைப் பார், ஒரு மழை விடாமல் இப்படித்தான் காப்பாற்றினாள் என்று பெருமையாக விரித்துக் காட்டினேன். ஜெஸீமா அந்த உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

"விசாரிச்ச பெரியவங்க இங்கன வந்து பாக்கணும், ரீடிங் எடுத்தவங்களக் கேக்கணும்னு சொன்னாங்க மாமா. இவ வேண்டாம்னுட்டா. அந்த ரீடிங் எதையும் எடுத்துக்கிட வேண்டாம், பொறுப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டா. இவளே இட்டுக்கட்டி நம்பர் போட்டுருக்கான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. நான் எத்தனையோ தடவ கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லல."

அவர்கள் வந்திருந்தால் உன் அம்மாவைத்தான் கேட்டிருப்பார்கள். அவள் உறையை எடுத்துக் காட்டியிருப்பாள், என்னைப் போலவே, அதே பெருமையோடு. அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு விளங்கியிருக்கும். அது நடக்கக் கூடாது என்றுதான் நீ வாசலிலேயே கதவைச் சாத்தினாய். பொய்க்காரி என்ற பேரை வாங்கிக்கொண்டு வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டினாய். நான் உன்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

உன்னை மெச்சுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மழையில் அதை மூடக் கூடாதும்மா என்று ஒரு வார்த்தை. அழுதிருப்பாள், இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டாள். மூன்றாம் நாள் அந்த உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு புதுப் பஸ்ஸ்டாண்டுக்குப் போய், உன் ஊர் பஸ்ஸில் ஏறி, அந்தப் பெரியவர்களுக்கு முன்னால் போய் நின்று, நான்தான் மூடினேன், என் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். ரேஷன் கடையில் உன்னை ஒருவன் அதட்டினான் என்று அவனை மன்னிப்புக் கேட்க வைத்தவள். உன் பக்கம் நின்று பேச அவளுக்கு நீ இடம் கொடுக்கவில்லை. அவளால் தாங்க முடியாது என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். அவளும் உன் தகட்டைப் பற்றி அப்படித்தான் முடிவு செய்தாள். மழை தாங்காது என்று.

இப்படி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். ஒருவேளை நீ செய்ததுதான் சரியோ என்னவோ. அந்த நெஞ்சோடு அவள் அதைக் கேட்டிருந்தால் மார்கழி வரைக்குமாவது இருந்திருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுத்தானே கண்ணை மூடினாள். அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நீ. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் தினமும் நடந்துகொண்டிருக்கிறேன். எது சரி என்று உனக்குச் சொல்லத் தெரியாத ஒரு அப்பன் உனக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறான், பார்த்துக்கொள்.

ஆனால் ஒன்று. அவள் போய்விட்டாள். இனிமேல் இதைக் கேட்டு அவளுக்கு நோகாது. உனக்குத்தான் நோகும், நீ இருக்கிறாய். அதனால்தான் இதைத் திறந்தே அனுப்புகிறேன். ஐயா, இதைப் படிக்கிற பெரியவர்களே, ரீடிங் எடுத்தவன் நான். மூடியவள் என் மனைவி. இரண்டு பேருக்கும் அது தப்பு என்று தெரியாது. என் மகளுக்கும் கார்த்திகை வரைக்கும் தெரியாது. அவள் ஒரு எண்ணையும் இட்டுக்கட்டவில்லை. ஆரஞ்சுப் பழம் போட்ட உறை இந்தக் கடிதத்தோடு வருகிறது, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அவள் தைத்தது, எனக்கு வேண்டும்.

மகளே, போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போய் அந்தக் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியும் என்றால் இரு. எனக்கு ஒரு மகள் நன்றாக இருந்தால் போதும், அவள் எதை வைத்து நன்றாக இருக்கிறாள் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் நீ போவதற்கு முன்னால் உனக்குக் கொடுக்க வேண்டிய ஒன்று என்னிடம் பாக்கி இருக்கிறது. ஜெஸீமா வந்துபோன அன்றிலிருந்து நான் அந்தச் சட்டத்தை மூடவில்லை. அதன் முடிவு தெரியட்டும் என்றுதான் இத்தனை மாதம் உன்னிடம் வாய் திறக்கவில்லை. கோடை மழை அடித்தது, ஆனியில் சாரல் அடித்தது, மத்தியான வெயிலும் அதன் மேலேயே அடித்தது. ஒவ்வொரு மழைக்கும் என் கால் தானாகப் படிவரைக்கும் போகும். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உறையை எடுத்துப் பீரோவில் பூட்டிவைத்த பிறகும் அப்படித்தான். அவள் கீழேயிருந்து என்னங்க, நனையுதே என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். ஒரு தடவை, நனையட்டும்டி என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்து மாடிக்காரர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆடி பிறந்ததும் ரீடிங் இறங்க ஆரம்பித்தது. செம்பு பச்சை பூத்தது. ஓரங்களில் பூக்கவில்லை. ஆறு செல்லிலும் முதலில் பச்சை தெரிந்தது ஒரே இடத்தில், பின்னாலிருந்து கம்பி வெளியே வருகிற அந்த மூலையில். மற்ற இடத்தில் உன் பூச்சு வெகு நாள் அப்படியே இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆவணியில் நாலு செல் போயிற்று. புரட்டாசியில் ஐந்தாவது. கடைசி ஒன்று மட்டும் உயிரை வைத்துக்கொண்டிருந்தது.

இன்று காலையில் ஐப்பசியின் முதல் பெரிய மழை. நான் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அது நனைவதை முழுக்கப் பார்த்தேன். மத்தியானம் நல்ல வெயில் வந்தது. மீட்டரை மாட்டினேன். பூஜ்யம். கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினேன். பூஜ்யம்தான். மூன்றரை வருஷமாக நம் வீட்டில் நான் எடுத்த ரீடிங்கில் நீ நம்பலாம் என்று என்னால் சொல்ல முடிகிறவை, மூடாமல் விட்ட இந்தச் சில மாதத்து ரீடிங்தான். இது உன் கைக்கு வருகிற அன்று சாயங்காலம் போன் செய்வேன். எப்போதும் கேட்பாயே, அதே மாதிரி, "இன்னைக்கு மழையாப்பா?" என்று ஒரு தடவை கேள்.